திரும்பி வரும் அலை

தேர்வடத்தின் நுனியில் ஒரு தாம்புக் கயிற்றை முடிந்து, தாம்பின் மறுமுனையைத் தூணில் கட்டிவிட்டு, வடத்தை ஓங்கி ஓர் உதறு உதறிப் பாருங்கள். அலை ஒன்று எழும்பி ஓடும். முடிச்சை எட்டியதும் அதில் ஒரு பங்கு தாம்புக்குள் போகும். இன்னொரு பங்கு உதறிய கைக்கே திரும்பி வரும். கனமும் இலேசும் சந்திக்கிற இடத்தில் எப்போதும் நடப்பது இதுதான்.

மின்சார அலைக்கும் விதி ஒன்றே. அமெச்சூர் ரேடியோக்காரர் தம்முடைய டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஏரியலுக்குக் கேபிள் இழுக்கிறார். கேபிளின் சுபாவமும் ஏரியலின் சுபாவமும் ஒத்துப்போகாவிட்டால் அனுப்பிய சக்தியில் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. இந்தச் சுபாவத்துக்கு 'இம்பீடன்ஸ்' என்று பெயர். தமிழில் மின்மறுப்பு என்கிறோம். 1886-ல் அந்தச் சொல்லை உண்டாக்கியவர் ஆலிவர் ஹெவிசைட். மறுப்புக்குப் பெயர் வைத்தவர் ஆயுளில் பாதியை மறுப்பிலேயே கழித்தார் என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் என்னைப் பிடித்து இழுக்கிற விஷயம்.

அவர் 1850-ல் லண்டனில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் வந்த காய்ச்சல் காதை மந்தமாக்கிவிட்டது. பதினாறு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. சில வருஷம் தந்தி வேலை பார்த்தார். 1874-ல் அதையும் விட்டுவிட்டுப் பெற்றோர் வீட்டில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் சாகும் வரை எந்த உத்தியோகமும் இல்லை. மாக்ஸ்வெல் 1873-ல் வெளியிட்ட மின்காந்த நூலைத் தாமாகவே படித்துத் தேறி, கம்பியில் அலை எப்படிப் போகிறது, எங்கே தடுமாறுகிறது என்று கணக்குப் போட்டார்.

1887-ல் ஒரு விடை கிடைத்தது. நெடுந்தூரத் தொலைபேசியில் பேச்சுக் குழம்புகிறது. கம்பியின் 'இண்டக்டன்ஸை' அதிகப்படுத்தினால் குழப்பம் குறையும் என்றார். பிரிட்டிஷ் தபால் இலாகாவின் மின்சார நிபுணர் வில்லியம் ப்ரீஸ் நேர்மாறாக, இண்டக்டன்ஸ்தான் சத்துரு என்று நம்பியவர். ஹெவிசைட்டின் அண்ணன் ஆர்தர் அந்த இலாகாவிலேயே வேலை பார்த்தார். சகோதரர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையை வெளியிட ப்ரீஸ் அனுமதி மறுத்தார். கணக்குத் தெரிந்தவருக்குச் செல்வாக்கு இல்லை. செல்வாக்கு உள்ளவருக்குக் கணக்கில் மதிப்பில்லை. கட்டுரை, முடிச்சில் மோதிய அலை மாதிரி வீட்டுக்குத் திரும்பி வந்தது.

1891-ல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றது. ஆனால் 1900-ல் அமெரிக்காவில் பூபின் என்ற பேராசிரியர், கம்பிகளில் இடைவிட்டுச் சுருள்கள் வைத்து இண்டக்டன்ஸைக் கூட்டும் முறைக்குப் பேடண்ட் பெற்றார். தொலைபேசிக் கம்பெனி அவருக்கு லட்சக்கணக்கான டாலர் கொடுத்தது. ஹெவிசைட் அந்த யோசனைக்குப் பேடண்ட் எடுத்தவரில்லை. 1896-ல் அரசாங்கம் வருஷத்துக்கு 120 பவுனாகக் கொடுக்கத் தொடங்கிய உபகாரச் சம்பளத்தில் காலம் தள்ளி, 1925-ல் கண்ணை மூடினார்.

ரேடியோக்காரர்களுக்கு இந்தத் திரும்பும் அலை நெடுநாள் பெரிய கவலையாக இருக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு பலர் இரட்டைத் திறந்த கம்பிகளையே பயன்படுத்தினார்கள்; அவற்றில் நஷ்டம் சொற்பம். 1945-க்குப் பின் ராணுவத்தில் மிஞ்சிய கேபிள் மலிவாக வந்தது. போகிற சக்தியையும் திரும்புகிற சக்தியையும் தனித்தனியே காட்டும் மீட்டரும் வந்தது. அதோடு பயமும் வந்தது. நிலை அலை விகிதம் மூன்று என்றால் 25 சதவீதம் திரும்புகிறது. ஆகவே நூறு வாட்டில் இருபத்தைந்து பாழ் என்று பலர் முடிவு கட்டினார்கள்.

அப்படியல்ல என்று 1973-ல் 'க்யூ.எஸ்.டி.' பத்திரிகையில் தொடர் எழுதத் தொடங்கினார் வால்டர் மாக்ஸ்வெல் என்ற அமெரிக்க எஞ்சினியர். டிரான்ஸ்மிட்டருக்கும் கேபிளுக்கும் நடுவே தகுந்த இசைப்புக் கருவி இருந்தால், திரும்பிய அலை மறுபடி ஏரியலுக்கே போகிறது. நஷ்டமில்லாத கேபிளில் முன்னே போவது 133 வாட், பின்னே வருவது 33. ஏரியலுக்குப் போய்ச் சேருவது முழு நூறு. உண்மையான நஷ்டம், அலை போகும்போதும் வரும்போதும் கேபிளைச் சூடாக்குவதுதான். இசைப்பே இல்லாவிட்டால் கடைசி வால்வு சூடேறும், டிரான்ஸிஸ்டர் கருவி சக்தியைக் குறைத்துக்கொள்ளும் என்பதும் வாஸ்தவமே. பயம் முழுப் பொய்யல்ல, கணக்குத்தான் தப்பு.

ஒரு வேடிக்கையும் உண்டு. மிக நீளமான, நைந்துபோன கேபிளை மாட்டினால் டிரான்ஸ்மிட்டர் பக்கத்து மீட்டர் அருமையான எண்ணைக் காட்டும். திரும்புகிற அலை வழியிலேயே செத்துவிடுவதால் புகார் வந்து சேருவதில்லை. இலாகாக்களிலும் அப்படி உண்டு என்று நினைக்கிறேன். 1887-ல் ப்ரீஸின் மேஜைமேல் ஆட்சேபமே இல்லாமல் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும். நெடுந்தூரம் பேச முயன்றவர்களின் காதில்தான் பேச்சுக் குழம்பியது.