துளையும் திருத்தமும்

இணையத்தில் உலாவுவோனுக்கும் புறவுலகுக்கும் இடையே நிற்கும் வாயிற்கதவே உலாவி என்னும் மென்பொருளாகும். அதிலே துளையொன்று காணப்படின், அதனை அடைக்கும் திருத்தம் எத்துணை விரைவில் வந்து சேர்கின்றது என்பதைப் பொறுத்தே காவலும் அமையும்.

2009ஆம் ஆண்டு செப்டெம்பரிலே, இன்டர்நெற் எக்ஸ்புளோரர் உலாவியின் குறையொன்று மைக்ரோசொப்ட் நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்டது. 2003 முதல் அந்நிறுவனம் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயன்றே திருத்தங்களை வெளியிடும் வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தது. அவ்வொழுங்கு அலுவலகங்களுக்கு வசதியானதே. ஆயின் கள்வன் நாட்காட்டி பார்ப்பதில்லை. இக்குறைக்கான திருத்தம் 2010 பெப்ரவரிக்கெனக் குறிக்கப்பட்டிருந்தது. அதற்குள் அத்துளை வழியே புகுந்தோர் கூகிள் முதலிய நிறுவனங்களைத் தாக்கினர். 2010 ஜனவரி 12ஆம் நாள் கூகிள் அத்தாக்குதலை வெளியிட்டது. ஜேர்மனிய அரசின் தகவற் பாதுகாப்பு அலுவலகமோ, வேறு உலாவியைப் பயன்படுத்துமாறு மக்களுக்கு அறிவுரை கூறிற்று. ஜனவரி 21ஆம் நாளே திருத்தம் வெளிவந்துவிட்டது. சோதித்துப் பார்க்காத திருத்தம் வேறோரிடத்தைக் கெடுக்கும் என்பது மெய்யே. எனினும் நெருக்கடி வந்தவிடத்து வேகமும் இயன்றதன்றோ?

திருத்தம் வெளிவந்தால் மட்டும் போதாது. பழைய கோப்பையும் புதியதையும் ஒப்புநோக்கும் கள்வனுக்கு, திருத்தமே துளையின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதனை ஏற்காதிருப்பவன் முன்னினும் பெரிய ஆபத்தில் நிற்கிறான். இதனாலேயே, 2008இல் வெளியான குரோம் உலாவி பயனரைக் கேளாமலே தன்னைப் புதுப்பிக்கும் முறையைக் கையாண்டது. 2009ஆம் ஆண்டின் ஆய்வொன்றின்படி, புதிய திருத்தம் வெளிவந்து 21 நாட்களுள் குரோம் பயனருள் 97 வீதத்தினர் அதனைப் பெற்றிருந்தனர். ஒப்பெரா பயனருள் 24 வீதத்தினரே பெற்றிருந்தனர். ஆய்வாளருள் ஒருவர் கூகிளைச் சார்ந்தவர் என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் வேறுபாடு மிகப் பெரிது.

குரோமின் மூலநிரல் யாவரும் காணத்தக்கது. ஆதலின் திருத்தம் பயனரை எட்டுமுன்பே கள்வர் கண்ணில் படலாம். ஒருகாலத்தில் சராசரி 35 நாட்களாயிருந்த இவ்விடைவெளி, 2019க்குப் பின் ஏறத்தாழ 15 நாட்களாயிற்று. 2023 ஓகஸ்ட் முதல் வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் முறை தொடங்கிற்று. எனினும் இறங்கிய திருத்தம், உலாவியை மூடித் திறக்கும்வரை நடைமுறைக்கு வருவதில்லை. நாட்கணக்கில் அதனை மூடாதிருப்போர் இன்றும் பலர்.