கல்லீரல் புற்றுநோய்: காம்பியாவும் பிற ஏழை நாடுகளும்

கல்லீரலில் தொடங்கும் புற்றுநோய், உலகில் அதிகம் பேரைக் கொல்லும் புற்றுநோய்களில் மூன்றாவது. 2022இல் ஏறத்தாழ 8.66 லட்சம் பேருக்கு இது புதிதாக வந்தது. அதே ஆண்டில் ஏறத்தாழ 7.58 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். இரண்டு எண்களும் இவ்வளவு ஒட்டி நிற்பதிலேயே நோயின் குணம் தெரிந்துவிடும். நோயாளிகளில் பெரும்பகுதியினர் குறைந்த வருமான, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். வசதியான நாடுகளில் இது முதுமையோடும் குடியோடும் உடற்பருமனோடும் சேர்ந்து வருகிற நோய். ஏழை நாடுகளிலோ நாற்பதுகளில், குடும்பமே நம்பியிருக்கும் ஆளைப் பிடிக்கிறது. அதற்கான வித்து பெரும்பாலும் அவருக்கு ஐந்து வயது ஆகுமுன்பே விழுந்திருக்கும். இடையில் கழியும் முப்பது நாற்பது ஆண்டுகளில் உடம்பில் ஒரு குறியும் தென்படாது. இந்நோயைப் பற்றிய மற்ற எல்லாமே இந்த நீண்ட மௌனத்திலிருந்து பிறக்கின்றன. அதை நன்றாக எடுத்துக்காட்டும் நாடு காம்பியா.

நாடும் பதிவேடும்

மேற்கு ஆப்பிரிக்காவில், காம்பியா ஆற்றின் இரு கரையிலும் நாடாபோல் நீண்டு கிடக்கிறது இந்நாடு. கடற்கரை தவிர மற்ற எல்லாப் பக்கமும் செனகல். மக்கள்தொகை சுமார் 24 லட்சம். சென்னை மாநகரில் பாதிகூட இல்லை. நிலக்கடலைதான் முக்கியப் பணப்பயிர். ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் கல்லீரல் புற்றுநோய்க்கு. இத்தனை சிறிய நாட்டைப் பற்றி இவ்வளவு விவரம் கிடைப்பதற்கு இரண்டு காரணங்கள். 1947 முதல் ஃபஜாராவில் பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றத்துக்கு ஒரு நிலையம் இருந்துவருகிறது. 1986இல் நாடு முழுமைக்குமான புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் தலைநகரத்து மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டுமே எண்ண முடியும். ஊரிலேயே இறந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

வைரஸ்

முதல் காரணம் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ். பேச்சுவழக்கில் இதையும் மஞ்சள் காமாலையோடு சேர்த்துவிடுகிறோம். ஆனால் குழந்தைப் பருவத்தில் தொற்றி உடம்பிலேயே தங்கிவிட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. அமெரிக்க அறிவியலாளர் பரூக் பிளம்பெர்க் 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் கண்ட ஒரு புரதம் இந்த வைரஸின் மேலுறை என்று பின்னர் தெரியவந்தது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஐயமறக் காட்டியவர் பால்மர் பீஸ்லி. தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1981இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 223 மடங்கு. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு இதன் பக்கத்தில்கூட வராது.

எந்த வயதில் தொற்றுகிறது என்பதில்தான் தலையெழுத்து இருக்கிறது. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேரிடம்கூடத் தங்காது. பச்சிளம் உடம்புக்கு வைரஸை அந்நியன் என்று அடையாளம் காணத் தெரிவதில்லை. எதிர்ப்பும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வைரஸ் சாவகாசமாக ஈரல் செல்லின் மரபணுவுக்குள்ளேயே புகுந்துகொள்கிறது. கிழக்கு ஆசியாவில் பெரும்பாலும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. காம்பியாவில் பாதிப்புக்கு ஆளாகும் குழந்தைகளில் பலருக்கு அது உடன் விளையாடும் பிள்ளைகளிடமிருந்து, ஆறாத புண்கள், சிராய்ப்புகள் வழியாக வருகிறது. ஆனாலும் தாயிடமிருந்து பெற்றவர்களுக்கே பிற்காலத்தில் ஈரல் மோசமாகக் கெடுகிறது என்று காம்பியக் கிராமங்களில் நீண்டகாலம் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

கடலை

இரண்டாவது காரணம் சாப்பாட்டில் இருக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. தீவனத்தில் இருந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளாவஸ் என்ற அந்தப் பூஞ்சையின் பெயரிலிருந்தே அதன் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் அமைந்தது. வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு அவ்வளவாகப் போகாது. ஈரலுக்குள் போனதும் ஈரலின் நொதியே அதை வீரியமுள்ளதாக மாற்றிவிடுகிறது. மாறிய நஞ்சு மரபணுவில் ஒட்டி, செல் கட்டுமீறாமல் காவல் காக்கும் பி53 என்ற மரபணுவில், 249ஆம் இடத்தில், ஒற்றை எழுத்தைத் திருத்திவிடுகிறது. நஞ்சு விட்டுப்போன கைநாட்டு என்றே இதைச் சொல்லலாம். 1991இல் சீனாவின் சீதோங் வட்டாரத்திலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் நோயாளிகளின் கட்டிகளில் இதைக் கண்டார்கள். காம்பிய நோயாளிகளின் ரத்தத்திலும் இதே திருத்தம் அகப்பட்டிருக்கிறது. வைரஸும் நஞ்சும் கூட்டுச் சேர்ந்தால் ஆபத்து ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகிறது. 1994இல் வெளியான ஷாங்காய் ஆய்வில் நஞ்சால் மட்டும் சுமார் 3 மடங்கு, வைரஸால் மட்டும் சுமார் 7 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் சுமார் 60 மடங்கு என்று கணக்கு வந்தது.

காம்பியாவில் அக்டோபர் வாக்கில் மழை ஓயும்போது கடலை பிடுங்குவார்கள். ஈரம் வற்றாத செடியை வெறும் மண்ணிலேயே காயப்போட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் சாக்கில் கட்டி, மண் தரையில் அடுக்கினால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? கடலையை அரைத்த விழுதில் கொதிக்கும் தொமதா என்ற குழம்புதான் அங்கே சோற்றுக்கு ஊற்றிக்கொள்வது. முழுக் கடலையாக வாயில் போட்டால் கசப்பது நாக்குக்குத் தெரியும், துப்பிவிடலாம். அரைத்துவிட்டால் பத்துக்கு ஒன்று கெட்டதாக இருந்தாலும் தெரியாது. ஐரோப்பியச் சந்தை நேரடியாகச் சாப்பிடும் கடலையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் நஞ்சுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அந்த வரம்பைத் தாண்டிய கடலையை யாரும் கடலில் கொட்டுவதில்லை. அது உள்ளூரிலேயே விலைபோகிறது.

இதற்கு வழி சிக்கலானதல்ல. மேற்கு ஆப்பிரிக்காவிலேயே உள்ள கினியின் கிந்தியா பகுதியில் இருபது கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. பத்துக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த, சுருங்கிய கடலையைக் கையால் பொறுக்கி எறியச் சொன்னார்கள். மண்ணுக்குப் பதில் நார்ப்பாயில் உலர்த்தவும், சணல் சாக்கில் கட்டி மரச்சட்டத்தின்மேல் வைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். மற்றப் பத்துக் கிராமங்கள் வழக்கம்போல் விடப்பட்டன. ஐந்து மாதம் கழித்து, பாயும் சாக்கும் பெற்ற கிராமத்தாரின் ரத்தத்தில் நஞ்சின் அடையாளம் பாதிக்கும் கீழே இருந்தது. 2005இல் லான்செட் இதழில் வந்த இந்த ஆய்வில் புது மருந்தும் இல்லை, கருவியும் இல்லை. எந்தக் களத்துமேட்டு விவசாயியும் தலையாட்டக்கூடிய விஷயம்தான். ஆனால் கடலையை விற்றுத்தான் பசியைத் தீர்க்க வேண்டும் என்ற நிலையில், நன்றாகக் காயட்டும் என்று பத்து நாள் காத்திருக்கும் பொறுமையும் ஒரு வசதிதான்.

நோய் தெரியும் நேரம்

வலது விலாவுக்குக் கீழே பாரம், பிறகு வலி. கைவைத்தால் கல்போல் தட்டுப்படும். உடம்பு இளைக்க, வயிறு மட்டும் நீர்கோத்துப் பெருக்கும். மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருப்பவர்களும் அங்கே போவது அப்போதுதான். ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கட்டியை எலுமிச்சை அளவிலேயே பிடித்து, வெட்டியெடுக்கவோ சுட்டுக் கருக்கவோ முடியும். அப்படிப் பார்க்கத் தனக்குத் தொற்று இருப்பது முதலில் ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. 2017இல் வெளியான, ஆப்பிரிக்காவின் ஒன்பது நாடுகளில் 2,566 நோயாளிகளைப் பற்றிய தொகுப்பு ஆய்வில் எகிப்து தனியாகவும் மற்ற எட்டு நாடுகள் தனியாகவும் நின்றன. எகிப்தியர்கள் நோய் கண்டபின் நடுக்கணக்கில் 10.9 மாதம் உயிரோடிருந்தார்கள். மற்றவர்கள் இரண்டரை மாதம். புற்றுக்கென்று ஏதாவதொரு சிகிச்சை பெற்றவர்கள் எகிப்தில் முக்கால்வாசி, மற்ற நாடுகளில் நூற்றுக்கு மூன்று. மாத்திரைகளும் நோயெதிர்ப்பு ஊசிகளும் 2007 முதல் வந்திருக்கின்றன. இந்த நோயாளிகளுக்கு அவை இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. அவர்களுக்கு உடனே வேண்டியது வயிற்று நீரை இறக்க ஒரு ஊசியும் வலிக்கு மார்ஃபினும். அந்த மார்ஃபினும் பல ஊர்களில் கிடைப்பதில்லை.

1986இன் குழந்தைகள்

இவ்வளவு தாமதமாகப் பிடிபடும் நோயை முன்கூட்டியே தடுக்கத்தான் வேண்டும். 1986இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் இத்தாலிய அரசும் காம்பிய அரசும் ஃபஜாரா ஆய்வு நிலையமும் சேர்ந்து ஒரு தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கின. 1982இல் அமெரிக்காவில் மூன்று ஊசிக்கு சுமார் 100 டாலர் விலையிருந்த மருந்து அது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் கொடுக்க வழியில்லை. அதனால் தடுப்பூசிக் குழுக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய் நான்கு ஆண்டுகளில் நாடு முழுவதையும் எட்டினார்கள். இடையில் பிறந்த சுமார் 1.24 லட்சம் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஊசி போட்டவர்கள், பாதிப் பேர் போடாதவர்கள். வேண்டுமென்றே யாருக்கும் மறுக்கவில்லை; வரிசை நகர்ந்த வேகமே ஒப்பீட்டுக்கு வழிசெய்தது. படிப்படியாக அகலும் இந்த ஆய்வு முறை பின்னாளில் உலகெங்கும் கையாளப்பட்டது.

ஒன்பது வயதில் சோதித்தபோது ஊசி போடாத பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் வைரஸைச் சுமந்தார்கள்; போட்டவர்களில் ஒருவர்கூட முழுசாக வரவில்லை, 0.6 பேர். ஆனால் வைரஸைத் தடுப்பது வேறு, புற்றுநோய் குறைந்ததென்று நிறுவுவது வேறு. பின்னதற்கு அந்தக் குழந்தைகள் முப்பதுகளைத் தாண்டும்வரை பதிவேடு விழித்திருக்க வேண்டும். முதல் ஆண் பிள்ளைக்கு லாமின் என்று பெயரிடும் வழக்கம் மண்டிங்கா மக்களிடையே பரவலாக உண்டு. அப்படிப்பட்ட நாட்டில், 1988இல் ஊசி போட்ட லாமினும் இன்று மருத்துவமனைக்கு வந்திருக்கும் லாமினும் ஒருவரா என்று கண்டுபிடிப்பது சாமானிய வேலையா? தைவான் 1984இல் பச்சிளம் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. அங்கே சிறார் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70இலிருந்து 0.36ஆகக் குறைந்ததாக 1997இலேயே காட்டிவிட்டார்கள்.

விலை இறங்கியதில் இந்தியாவுக்கும் பங்குண்டு. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் ஷான்வாக்-பி என்ற பெயரில் மரபணுத் தொழில்நுட்பத் தடுப்பூசியை வெளியிட்டபின் போட்டி வலுத்து, பல டாலராக இருந்தது ஒரு டாலருக்குக் கீழே வந்தது.

முதல் நாள் ஊசி

தாயிடமிருந்து வரும் தொற்றைத் தடுக்கக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும். காம்பியா இதைக் கொள்கையாக வைத்திருக்கும் சில ஆப்பிரிக்க நாடுகளில் ஒன்று. ஆனால் ஃபராஃபென்னி வட்டாரத்தில் 2004 முதல் 2014 வரை பிறந்த குழந்தைகளைக் கணக்கெடுத்தபோது, பிறந்த அன்றே ஊசி பெற்றவை நூற்றுக்கு 1.1 மட்டுமே, ஏழு நாளுக்குள் 5.4. தடுப்பூசிக் குழு மாதத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வரும். குப்பி பத்துப் பேருக்கானது. ஒரு குழந்தைக்காக உடைத்தால் மீதி வீண் என்ற தயக்கம். எட்டாம் நாள் பெயர் சூட்டும்வரை தாயும் பிள்ளையும் வாசல் தாண்டுவதில்லை. பிரசவத் தீட்டு கழியும்வரை வெளியே விடாத வீடுகளைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. 2022இல் உலக அளவில் முதல் நாள் ஊசி பெற்ற குழந்தைகள் 45 விழுக்காடு, ஆப்பிரிக்காவில் 18.

பிற நாடுகள்

எகிப்தின் கதை வேறு. நத்தைக் காய்ச்சலை ஒழிக்க 1950கள் முதல் 1980கள் வரை கிராமம் கிராமமாகப் போட்ட ஊசிகளின் வழியே ஹெப்படைட்டிஸ் சி பரவியது. நல்லதை எண்ணித் தொடங்கிய திட்டம் லட்சக்கணக்கானோருக்கு நோயைக் கொடுத்தது. 2018 அக்டோபர் முதல் ஏழு மாதங்களில் சுமார் 5 கோடிப் பேரைச் சோதித்து, தொற்று இருந்தவர்களை உள்நாட்டிலேயே செய்த மலிவான மாத்திரையால் குணமாக்கியதும் அதே அரசு. மங்கோலியாவில் இந்தப் புற்றுநோயின் விகிதம் உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. அங்கே பி வைரஸைச் சுமப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதன் முதுகில் ஏறி வரும் டி வைரஸும் உண்டு.

ஏற்கெனவே தொற்றியவர்கள்

ஊசி வருமுன் பிறந்தவர்களுக்கு ஊசியால் பயனில்லை. தமிழர்களுக்குக் காமாலை என்றதும் கீழாநெல்லி நினைவுக்கு வரும். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், பிளம்பெர்க்குடன் சேர்ந்து லான்செட்டில் எழுதிய ஆய்வில், மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்ததாகச் சொன்னார். உலகமே திரும்பிப் பார்த்தது. பிற இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. இன்று கையில் இருப்பது டெனோஃபோவிர் மாத்திரை. வைரஸை அடியோடு ஒழிக்காது; அடக்கிவைக்கும், புற்றுநோய் வாய்ப்பையும் குறைக்கும். மாதத்துக்கு இரண்டரை டாலருக்குள் வாங்கலாம். 2011இல் தொடங்கிய புரோலிஃபிகா என்ற கல்லீரல் புற்றுநோய்த் தடுப்பு ஆய்வுத் திட்டத்தார் காம்பியாவில் ஊர் ஊராகப் போய் விரல் நுனி ரத்தத்தைச் சோதித்தபோது, பெரியவர்களில் பதினொருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் வைரஸ் இருந்தது. அவர்களில் உடனே மாத்திரை தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. ஏழை நாட்டுக் கருவூலமும் தாங்கக்கூடிய எண்ணிக்கைதான். உலகில் ஹெப்படைட்டிஸ் பி தங்கிவிட்ட 25.4 கோடிப் பேரில், 2022 முடிவில் தமக்கு அது இருப்பதை அறிந்தவர்கள் நூற்றுக்கு 13. மாத்திரை சாப்பிடுபவர்கள் 3.