நியூஃபவுண்ட்லாந்து காட் மீன்வளச் சரிவு

கனடாவின் கிழக்குக் கரையில், நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடோர் கடற்பகுதியில் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கிடைத்துவந்த காட் மீன்வளம் 1990களின் தொடக்கத்தில் அநேகமாக அற்றுப்போனதை இப்பெயர் குறிக்கிறது. மனிதர் செயலால் ஒரு சூழல்தொகுதி தன் தாங்கும் எல்லையைக் கடந்து வேறொரு நிலைக்குச் சரிந்துவிட்டதற்குச் சூழலியலாளர்கள் அடிக்கடி காட்டும் சான்று இது.

1497இல் கடலோடி ஜான் கேபட் இக்கடலுக்கு வந்து திரும்பிய பின், கூடையை இறக்கியே மீன் அள்ளலாம் என்ற பேச்சு ஐரோப்பாவில் பரவியது. பாஸ்க், போர்ச்சுகீசிய, பிரெஞ்சு, ஆங்கிலேய மீனவர்கள் ஆண்டுதோறும் வந்து, மீனைக் கருவாடாக்கி ஏற்றிச் சென்றனர். தூண்டிலும் சிறு படகும் இருந்தவரை கடல் ஈடுகொடுத்தது. 1950களில் ஃபேர்ட்ரை என்ற பிரிட்டிஷ் கப்பல் வந்ததும் நிலைமை மாறியது. அது பிடித்த மீனைக் கப்பலிலேயே அறுத்து உறையவைக்கும் மிதக்கும் தொழிற்சாலை. பல நாட்டுக் கப்பல்கள் அதைத் தொடர்ந்தன. குளிர்காலத்தில் முட்டையிட ஆழ்கடலில் திரளும் கூட்டங்களையே இழுவைமடி போட்டு வாரின. 1968இல் பிடிப்பு 8 லட்சம் டன்னை எட்டியது.

1977இல் கனடா 200 கடல் மைல் வரை உரிமை கோரி அயல்நாட்டுக் கப்பல்களில் பெரும்பாலானவற்றை விலக்கியது. மீன்வளம் தேற அது நல்ல வாய்ப்பு. ஆனால் காலியான இடத்தைக் கனடாவின் சொந்த இழுவைக் கப்பல்கள் நிரப்பின.

இந்த வரலாற்றில் மிகவும் கவனிக்க வேண்டியது, ஆபத்து கணக்கில் தெரியாமல் போன விதம். கப்பல்கள் ஒரு மணிநேரத்தில் எவ்வளவு பிடித்தன என்பதைப் பெரிதும் நம்பியே கடலில் உள்ள இருப்பைக் கணித்தார்கள். காட் மீனோ எண்ணிக்கை குறையக் குறைய, எஞ்சியவை ஓரிடத்தில் அடர்ந்து திரளும். அந்தத் திரளை ஒலியலைக் கருவி தேடிக் கொடுத்துவிடும். எனவே கடல் காலியாகிக்கொண்டிருந்தபோதும் கப்பலின் மடி நிறைந்தே ஏறியது. கோடையில் கேப்லின் என்னும் சிறுமீனைத் துரத்திக் கரைக்கு வரும் காட்டையே நம்பியிருந்த சிறுபடகு மீனவர்களுக்கு அந்தக் கருவிகள் இல்லை. மீன் குறைகிறது, அளவும் சிறுக்கிறது என்று 1980களின் நடுவிலேயே அவர்கள் சொன்னார்கள். கப்பல் கணக்குக்கு இருந்த மதிப்பு அவர்கள் சொல்லுக்கு இருக்கவில்லை. இது பெரும் அநீதி; அறிவியல் நோக்கிலும் பெரும் இழப்பு. இருப்பை மிகையாகக் கணித்துவிட்டது பத்தாண்டின் இறுதியில் தெரியவந்த பிறகும், வேலையிழப்புக்கு அஞ்சிய அரசு பிடிப்பைப் போதிய அளவு குறைக்கவில்லை. அதே காலத்தில் கடல்நீர் வழக்கத்தை மீறிக் குளிர்ந்தது, கேப்லினும் வீழ்ந்தது. சரிவில் இவற்றின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் நீடித்தாலும், முதற்காரணம் மிகைமீன்பிடிப்பே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

1992 ஜூலை 2 அன்று மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி காட் பிடிப்புக்குத் தடை விதித்தார். சுமார் 30,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தனர். பல கரையோர ஊர்களில் இளைஞர்கள் பிழைப்புத் தேடி வெளியேறினர். தடை இரண்டே ஆண்டுக்கு என்றுதான் முதலில் அறிவிக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

எல்லை கடந்த சூழல்தொகுதியில், பாதிப்புக்குக் காரணமானதை நிறுத்திவிட்டால் மட்டும் பழைய நிலை திரும்பாது. ஏராளமாக முட்டையிடும் முதிர்ந்த பெரிய பெண்மீன்கள் இங்கே மறைந்துவிட்டன, இரையும் அருகிவிட்டது. தங்களை உண்ணும் காட் அருகியதால் இறாலும் பனி நண்டும் பெருகின. தெற்கே நோவா ஸ்கோஷியாவை ஒட்டிய கடலில் இன்னொரு சிக்கலும் பதிவாகியுள்ளது: முன்பு காட்டுக்கு இரையான சிறுமீன்கள் பெருகி, காட்டின் முட்டையையும் குஞ்சுகளையும் தின்று அதை மீளவிடாமல் தடுத்தன. நியூஃபவுண்ட்லாந்தில் நண்டும் இறாலும் தந்த வருவாய் சில ஆண்டுகளிலேயே காட் தந்ததை விஞ்சியது. எனினும் அது உரிமமும் பெரிய படகும் உள்ளவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. கரையில் காட்டை அறுத்துப் பதப்படுத்திய பெண்களில் பலருக்கு அதில் இடமில்லை.

2024இல் கனடா தடையை நீக்கி, 18,000 டன் பிடிக்க அனுமதித்தது. 1968 பிடிப்பில் இது நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த முடிவு அவசரமானது எனப் பல ஆய்வாளர்கள் எதிர்த்தனர். கேப்லின் இன்னும் 1991க்கு முந்தைய அளவுக்கு மீளவில்லை. அது மீளாமல் காட் பெருகுவது கடினம்.