தொண்டைக் கிருமியிலிருந்து கிள்ளான் வரை

மாரடைப்பில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கண்டெடுத்தவர் இதயத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கவே இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டில்லெட் என்ற மருத்துவர், தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைச் சோதனைக் குழாயில் இருந்த பிளாஸ்மாவோடு சேர்த்துவைத்தார். பிளாஸ்மா உறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், உறைந்தது மறுபடி நீராகிக் கிடந்தது. கிருமி கசியவிட்ட ஏதோ ஒன்று கட்டியைக் கரைத்திருந்தது. 1933இல் அவரும் சக ஆய்வாளர் கார்னரும் இதை எழுதி வெளியிட்டார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற பெயர் வர மேலும் 12 ஆண்டுகள் ஆயின.

இது தானாக எதையும் கரைப்பதில்லை. நம் ரத்தத்திலேயே தூங்கிக்கிடக்கும் பிளாஸ்மினோஜெனைத் தட்டி எழுப்பும். எழுந்தது போய்க் கட்டியைத் தின்னும். கிருமிக்கு இது நம் உடம்புக்குள் வேலி தாண்டும் தந்திரம். நமக்கு அதுவே மருந்தாயிற்று.

முதலில் கிடைத்தது எடுபிடி வேலைதான். நெஞ்சுக் கூட்டில் கட்டிக்கொண்ட சீழையும் உறைந்த ரத்தத்தையும் இளக்க, 1940களின் கடைசியில் டில்லெட்டும் அவருடன் பணியாற்றிய சால் ஷெர்ரியும் இதைப் பயன்படுத்தினார்கள். 1958இல் ஷெர்ரியின் குழு மாரடைப்பு நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தது. அதன் பிறகு இருபது வருடச் சந்தேகம். இதயத் தசை செத்த பிறகுதான் ரத்தக் கட்டி உண்டாகிறது, கட்டி காரணமல்ல, விளைவுதான் என்று பெரிய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். விளைவுக்கு எதற்கு மருந்து? 1980இல் டிவுட் என்பவர், வலி தொடங்கிய முதல் நான்கு மணி நேரத்துக்குள் நோயாளிகளின் இதயக் குழாய்களைப் படம்பிடித்துக் காட்டினார். 100இல் 87 பேருக்குக் குழாய் முழுசாக அடைத்திருந்தது. வாதம் ஓய்ந்தது.

1986இல் இத்தாலியின் ஜிஸ்ஸி ஆய்வு 11,806 பேரை வைத்து இந்த மருந்து உயிர் காக்கும் என்று நிறுவியது. 1988இல் வந்த ஐசிஸ்-2 இன்னும் பெரிது: 17,187 பேர், 417 மருத்துவமனைகள். இந்த மருந்தோடு ஆஸ்பிரினும் பெற்றவர்களில் ஐந்து வாரத்தில் இறந்தவர்கள் 100க்கு 8. இரண்டுமே பெறாதவர்களில் 13. நோயாளிகளை வகைவகையாகப் பிரித்தும் கணக்குக் காட்டச் சொன்னார்கள் ஆய்விதழ் ஆசிரியர்கள். ஆய்வாளர்கள் ராசிப்படியும் பிரித்துக் காட்டினார்கள்! மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை என்று வந்தது. கூறுபோட்டுக்கொண்டே போனால் எண்களும் உளறும் என்று காட்டத்தான் அந்தக் குறும்பு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஜோசியர்கள் காதில் இது விழாமல் இருந்தால் சரி.

கியூபாவும் இந்தியாவும் இதைச் சொந்தமாகத் தயாரிக்கக் கற்றுக்கொண்டன. புதிய கட்டி கரைப்பான்களின் விலையோடு ஒப்பிட்டால் இது மலிவு. மலேசிய அரசு மருத்துவமனைகளில் நெடுங்காலம் இதுவே கைகொடுத்த மருந்து. கோலாலம்பூரில் 1992 முதல் தேசிய இருதயக் கழகம் இருக்கிறது. குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிதான் மேலான சிகிச்சை என்பதிலும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதை உரிய நேரத்துக்குள் எல்லோருக்கும் செய்துவிட முடிவதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் முடியாது என்று தெரிந்தால், குப்பியை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

கிள்ளானில் ஒரு ராத்திரியை நினைத்துப் பாருங்கள். இலைச் சாப்பாடு முடித்துப் படுத்தவருக்கு நெஞ்சில் பாறாங்கல் வைத்த மாதிரி அழுத்தம். "வாயுதான்" என்று ஒரு சோடா. அதற்கும் அடங்காமல் கோடாலித் தைலம். மனைவி கெஞ்சியும் "விடியட்டும்" என்பார். நம் வீடுகளில் நான் கேட்டு எரிச்சல்படும் வார்த்தை இது. ஏனென்றால் ஜிஸ்ஸி ஆய்வில், முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களிடையே சாவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆறு மணி நேரம் தாண்டி வந்தவர்களுக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. மலேசியாவின் தேசிய இதய நோய்ப் பதிவேடு 2006 முதல் கணக்கெடுத்து வருகிறது. மாரடைப்போடு வருகிறவர்களின் சராசரி வயது அதில் 60ஐக்கூடத் தொடவில்லை. பேரன் பார்க்காத வயது.

எப்படியோ வந்து சேர்ந்தார் என்று வையுங்கள். இ.சி.ஜி.யில் கோடு மேலெழுந்து நிற்கிறது. சமீபத்தில் பக்கவாதம் வந்ததா, அறுவை சிகிச்சை நடந்ததா, முன்பு இதே மருந்து ஏறியதா என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு: ஒரு முறை ஏறினால் உடம்பு அதற்கு எதிராக ஆயுதம் தயாரித்து வைத்துக்கொள்ளும், மறுமுறை பலிக்காது, ஒவ்வாமையும் வரலாம். மூளையில் ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு, நூற்றில் ஒருவருக்கும் குறைவாக. தாதி குப்பியிலுள்ள வெண்தூளைக் கரைக்கிறார். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். மெல்லச் சுழற்ற வேண்டும். 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக.

மருந்து ஏறத் தொடங்கி 90 நிமிடத்தில் இன்னொரு இ.சி.ஜி. எழுந்து நின்ற கோடு பாதிக்குப் பாதி இறங்கியிருந்தால் வார்டுக்கு. இறங்காவிட்டால், ஆஞ்சியோபிளாஸ்டிக்காகக் கோலாலம்பூர் நோக்கி ஆம்புலன்ஸ் பெடரல் நெடுஞ்சாலையில் ஏறும்.