வேலூர்–ஆம்பூர் வட்டாரத்தில் விவிலிய நோக்கு நூல்கள்

பக்திக்காக வாசிப்பவருக்கு விவிலியம் ஒன்றே போதும். கல்விமுறையில் ஆராய்பவருக்கு அதைச் சுற்றி இன்னொரு அலமாரி வேண்டும். ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதி, ஆள், ஊர், பொருள் பற்றிச் சொல்லும் வேதாகம அகராதி, எபிரேய, கிரேக்கச் சொல்லகராதிகள், விளக்கவுரைகள், நிலப்படங்கள், ஆய்விதழ்க் கட்டுரைகளின் சுருக்கங்கள் ஆகியவை அந்த அலமாரியில் இருக்கும். நூலகங்கள் இவற்றை நோக்கு நூல்கள் என்று தனியே வைக்கும். பெரும்பாலும் வீட்டுக்குத் தருவதில்லை. பாலாற்றங்கரைத் தோல் நகரங்களான வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்கு இவை வந்த வரலாறு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்குகிறது.

இந்நூல் வகை அதைவிட மிகப் பழையது. 1230 வாக்கில் பாரிசில் டொமினிக்கன் துறவிகள் இலத்தீன் விவிலியத்துக்கு ஒரு சொல்லடைவு தொகுத்தார்கள். ஆங்கிலத்தில் அலெக்சாண்டர் குரூடனின் அகராதி 1737-இலும், ஜேம்ஸ் ஸ்டிராங்கின் அகராதி 1890-இலும் வெளிவந்தன. ஸ்டிராங் மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். எபிரேயமும் கிரேக்கமும் படிக்காதவர் மூலச் சொல்லைத் தேடிப் போக அந்த எண்ணே வழி திறந்தது. தமிழில் அடிப்படை இட்டது தரங்கம்பாடி. சீகன்பால்கு அங்கே மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15-இல் அச்சானது. அந்த மரபில் வந்த பப்ரிசியுசின் தமிழ்–ஆங்கில அகராதி 1779-இல் வேப்பேரியில் அச்சேறியது. அதன் பின் 1862-இல் மிரன் வின்சுலோவின் பேரகராதி வந்தது. விவிலியம் மொழிபெயர்க்க வந்தவர்களின் உழைப்பு தமிழ் அகராதிக் கலையையும் சேர்த்தே வளர்த்தது.

வேலூர் வட்டாரத்தில் இப்பணியைத் தொடங்கியது அமெரிக்கன் ஆற்காடு மிஷன். ஹென்றி மார்ட்டின் ஸ்கடர், தம்பியர் வில்லியம், ஜோசப் ஆகியோருடன் 1853-இல் அதை நிறுவினார். சந்தையிலும் தேர்முட்டியிலும் நின்று பேச வேண்டிய உபதேசியாருக்கு, கேட்பவர் எழுப்பும் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லக் கைநூல் தேவைப்பட்டது. ஹென்றி ஸ்கடர் தமிழில் எழுதிய பிரசங்கக் கைநூல் அதற்காகவே வந்தது. ஜாரெட் ஸ்கடர் அதை ‘பஜார் புக்’ என்ற பெயரில் 1869-இல் ஆங்கிலத்தில் தந்தார். எதிர்வாதத்துக்கு ஆள் தயாரிக்கும் நூல் அது. ஆய்வு நூல் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும், படித்துத் தேடித் தெரிந்துகொண்டு பேச வேண்டும் என்ற பழக்கத்தை அது உபதேசியாரிடம் விதைத்தது.

1888-இல் மிஷனின் இறையியல் பள்ளி பலமநேரில் தொடங்கியது. பின்னர் வேலூருக்கு வந்தது. அதற்கு நிதி திரட்டியவர்களில் முதன்மையானவர் மதனப்பள்ளியில் பணிசெய்த ஜேக்கப் சேம்பர்லின். மருத்துவரும் தெலுங்கு விவிலியத் திருத்தக் குழுவின் தலைவருமான அவர், தம் கடைசி ஆண்டுகளைத் தெலுங்கில் ஒரு வேதாகம அகராதி ஆக்குவதற்கே கொடுத்து 1908-இல் இறந்தார். ஆங்கில அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு வாய்மொழியாகப் பாடம் நடத்துவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். மாணவர் தம் தாய்மொழியில் தாமே புரட்டிப் பார்க்கும் நூல் வேண்டும் என்று அவர் நினைத்தார். இந்த வட்டாரத்து விவிலியக் கல்வியில் இதற்கு இணையான முயற்சிகள் குறைவு.

ஆம்பூரின் கதை வேறு. ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் இருந்த நேதர், மோன் ஆகியோர், வேதம் எந்த அளவுக்குத் தேவ ஆவியால் அருளப்பட்டது என்ற கேள்வியில் மிஷன் தலைமையோடு முரண்பட்டு 1890-களின் தொடக்கத்தில் வெளியேறினார்கள். அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை அவர்களை ஏற்று அனுப்ப, 1895-இல் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கி ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் பரவியது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் விவிலியத் திறனாய்வு எழுப்பிய சர்ச்சையின் அலையில்தான் ஆம்பூர் லுத்தரன் சபை பிறந்தது. எந்த விளக்கவுரையை அலமாரியில் வைப்பது, எதைத் தள்ளுவது என்பது அங்கே விசுவாசக் கேள்வி. நோக்கு நூலைத் திறக்கும் மாணவர் முன்னுரையை முதலில் படித்து, ஆசிரியர் எந்த மரபில் நின்று எழுதுகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் தேவையில்லை.

இதே மண்ணில் வேறொரு வேதக் கல்வி மரபும் தழைத்தது. வேலூரின் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியும், ஆம்பூர் அருகே உமராபாத்தில் 1924-இல் காக்கா முகமது உமர் நிறுவிய தாருஸ்ஸலாமும் குர்ஆன் விரிவுரைகளைச் சொல்சொல்லாகப் பயிற்றுவித்து வருகின்றன.

1910-இல் பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரி தொடங்கியபோது ஆற்காடு மிஷனும் அதை நிறுவியவர்களில் ஒன்று. உயர்நிலை இறையியல் படிப்பு அங்கே போனது. பெரிய நூல்களும் அங்கேதான் குவிந்தன. கல்லூரி முதல்வராக இருந்த லார்சன் செய்த தமிழ் விவிலியத் திருத்தம் 1936-இல் வெளிவந்தது. சபைகளோ 1871-ஆம் ஆண்டின் பவர் திருப்புதலை விட்டுக்கொடுக்கவில்லை. வேலூரில் ஊரிஸ் கல்லூரியும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் வளர்ந்தன. இறையியல் நூலகம் அந்த அளவுக்கு வளரவில்லை.

ஆனால் விவிலிய ஆய்வுக்கு வேலூர் அளித்த முக்கியமான கொடை மருத்துவத்தின் வழியே வந்தது. 1940-களில் மருத்துவக் கல்லூரிக்குத் தலைமை தாங்கிய தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன், லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்கள் சொல்லும் நோய் இன்றைய தொழுநோய்தானா என்று ஆராய்ந்து 1960-களின் தொடக்கத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். அந்த அதிகாரங்களில் நோய் மனிதத் தோலில் மட்டுமல்லாமல் துணியிலும் தோற்பொருளிலும் வீட்டுச் சுவரிலும் பிடிக்கிறது. ஹேன்சன் 1873-இல் கண்ட கிருமி சுவரைப் பிடிப்பதில்லை. எனவே எபிரேய நூல் பேசுவது பலவகைத் தோல் மாற்றங்களையும் பூஞ்சையையும் சேர்த்த தீட்டு நிலை என்பதே இன்று அறிஞர் பலரின் முடிவு. இந்த வசனங்களைக் காட்டி நோயாளிகளை ஊருக்கு வெளியே தள்ளிய காலம் இருந்தது. அகராதியைத் திறந்து பார்ப்பது ஒரு மனிதரின் மானத்தைக் காக்கும் வேலையாகவும் இருக்கக்கூடும்.

நோக்கு நூல்களைப் பயன்படுத்தும் முறைக்கு ஆம்பூர் மாணவருக்கு ஏற்ற ஒரு பகுதி உண்டு. யோப்பா பட்டணத்தில் பேதுரு தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில், வீடு கடலோரத்தில். முதலில் ஒத்தவாக்கிய அகராதியைப் பார்த்தால், இந்தத் தொழிற்பெயர் புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் 9:43, 10:6, 10:32 ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே வருவது தெரியும். அடுத்து வேதாகம அகராதியில் தோல் பதனிடுதல் என்ற தலைப்பு. அது கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவுக்கு அனுப்பும். ஹெர்பர்ட் டேன்பியின் 1933 ஆங்கில மொழிபெயர்ப்பில் பாபா பத்ரா என்ற பகுதியைத் திறந்தால், தோல் தொட்டிகள் ஊரிலிருந்து ஐம்பது முழத்துக்கு அப்பால், கிழக்குப் பக்கத்தில் மட்டுமே இருக்கலாம் என்ற விதி கிடைக்கும். அதன் பிறகே விளக்கவுரை. செத்த மிருகத்தைத் தொடும் தொழிலாளியின் வீட்டில் பேதுரு தங்கியதற்கும், எது தீட்டு என்று அதே வீட்டு மாடியில் அவர் கண்ட தரிசனத்துக்கும் உள்ள தொடர்பை உரையாசிரியர்கள் விவாதிப்பார்கள். வரிசை முக்கியம். விளக்கவுரையை முதலில் திறந்தால் அடுத்தவர் முடிவுதான் நம் முடிவாகும்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் ஊறவைத்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலின் வாடையும், அதற்காகப் பட்ட அவமதிப்பும் தெரியும். ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இத்தகைய ஆலைகள் கூடாது என்ற 1989 அரசாணையும், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் ஊரறிந்தவை. மிஷ்னாவின் அந்த விதியை இவர்கள் வாசிக்கும் கூர்மை ஜெர்மானியப் பேராசிரியருக்கு எளிதில் வராது. அந்த வாசிப்பு எழுத்தில் வர, நூல் கைக்கு எட்ட வேண்டும்.

தேடும்போது இரண்டு நடைமுறைகள் உதவும். டூவி முறையில் அடுக்கிய நூலகத்தில் விவிலியம் 220-இல் தொடங்கும்: ஒத்தவாக்கியம் பழைய பதிப்புகளில் 220.2, அகராதி 220.3, விளக்கவுரை 220.7, நிலவியலும் வரலாறும் 220.9, பழைய ஏற்பாடு 221, புதிய ஏற்பாடு 225. மற்றொன்று பெயர்கள். பவர் திருப்புதலில் அப்போஸ்தலருடைய நடபடிகள் என்பது 1995-ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் திருத்தூதர் பணிகள். வெளிப்படுத்தின விசேஷம் அங்கே திருவெளிப்பாடு. பட்டியலில் இரு பெயரிலும் தேடாவிட்டால் பாதி நூல்கள் தப்பிவிடும். தமிழ் விவிலியத்தின் வரலாற்றுக்கு யாழ்ப்பாணப் பேராயர் சபாபதி குலேந்திரனின் தமிழ் நூலிலிருந்து தொடங்கலாம்.

வட்டாரத்தின் மூல ஆவணங்களில் கணிசமானவை தொலைவில் இருக்கின்றன: ஆற்காடு மிஷன் ஆவணங்கள் நியூ ஜெர்சியின் நியூ பிரன்சுவிக்கிலும், மிசௌரி மிஷன் ஆவணங்கள் செயின்ட் லூயிசிலும், தரங்கம்பாடி ஆவணங்கள் ஜெர்மனியின் ஹாலேயிலும் காக்கப்படுகின்றன. இங்கே மிஞ்சியவை பழைய போதகர் வீடுகளிலும் உபதேசியார் குடும்பங்களின் பெட்டிகளிலும் இருக்கும் நூல்களே. வீட்டில் அப்படி ஒரு பழைய ஒத்தவாக்கிய அகராதியோ கையெழுத்துப் பிரசங்கக் குறிப்போ இருந்தால், பழைய காகிதக் கடைக்குப் போடாதீர்கள். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரிக்கோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.