மாத்திரையும் கண்ணீரும்

பெண்ணின் கண்ணீரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது ஏராளம். அது பெருகுவதைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதினார்கள்; வற்றுவதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. வற்றினால் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், எரியும், வெளிச்சம் கூசும். உயிர் போகாது. அதனாலேயே அது கணக்கில் வராது.

சுவீடனைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933இல் இதைத் தன் முனைவர் ஆய்வேட்டின் பொருளாக்கினார். கண் உலர்ந்துபோன 19 நோயாளிகள். 19 பேரும் பெண்கள். அந்த ஏட்டுக்கு உயர்ந்த தரம் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக ஆசிரியராகும் வழியும் அவருக்கு அடைபட்டது. (முனைவர் பட்டத்துக்கு அலைந்தவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் வலிக்கும்.) இன்று அந்த நோய்க்கு அவர் பெயர்தான். பெண்களின் கண் ஏன் இப்படிக் காய்கிறது என்ற கேள்வி அப்போதே மேசைக்கு வந்துவிட்டது.

1956இல் போர்ட்டோ ரிக்கோவின் ரியோ பியத்ராஸ் குடியிருப்பில் கருத்தடை மாத்திரையின் முதல் பெரிய சோதனை தொடங்கியது. எனோவிட் என்ற அந்த மாத்திரை ஒன்றில் 10 மில்லிகிராம் புரோஜெஸ்டின் இருந்தது. இன்று நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம்தான். மருந்து வேறு என்பதால் எடைக்கு எடை ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் அந்தக் காலத்து மாத்திரையின் கனம் புரியும். சோதனையைக் களத்தில் நடத்திய மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே ஒரு பெண். மாத்திரை கருவைத் தடுக்கிறது, ஆனால் குமட்டல், தலைச்சுற்றல், தலைவலி, வாந்தி என்று ஏறக்குறைய 17 விழுக்காட்டுப் பெண்கள் அவதிப்படுகிறார்கள், எல்லோருக்கும் கொடுக்க இது ஏற்றதல்ல என்று அவர் அறிக்கை தந்தார். திட்டத்தின் தலைவர்களான ஆண் அறிவியலாளர்கள் அதில் பெரும்பகுதியை மனப்பிரமை என்று ஒதுக்கினார்கள். அமெரிக்க அரசு 1960இல் அதே மாத்திரையைக் கருத்தடைக்கு அனுமதித்தது.

தலைச்சுற்றலுக்கே இந்த மதிப்பு என்றால் கண் எரிச்சலை யார் கேட்பார்கள்? கண் மருத்துவம் விழித்துக்கொண்டது பார்வையே போன பிறகுதான். 1965இல் ஃபிராங்க் வால்ஷும் உடன் பணியாற்றியவர்களும், மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு நேர்ந்த கண், நரம்புச் சிக்கல்களைத் தொகுத்து ஒரு கண் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 1970 ஜனவரியில் செனட்டர் கேலார்ட் நெல்சன் மாத்திரையின் பாதுகாப்பு பற்றி விசாரணை நடத்தினார். மாத்திரையை விழுங்கியவர்களில் ஒருவரைக்கூடச் சாட்சியம் சொல்ல அழைக்கவில்லை. ஆலிஸ் உல்ஃப்சனும் தோழியரும் அவையிலேயே எழுந்து நின்று ஏன் என்று கேட்டார்கள். பயனாளிக்கென்று ஒரு துண்டுத்தாள் மாத்திரைப் பெட்டியில் வந்தது அதற்குப் பிறகுதான்.

மாத்திரையோடு வரும் மருந்துக் குறிப்பில் கண்ணுக்கு இரண்டு இடம் கிடைத்தது. திடீர்ப் பார்வையிழப்பு, இரட்டைப் பார்வை, விழித்திரை இரத்தக்குழாய் அடைப்பு ஆகியவை பெரிய எச்சரிக்கையாக நின்றன. கீழே ஓரமாக இன்னொன்று: காண்டாக்ட் லென்ஸ் அணிபவருக்குப் பார்வை மாறினாலோ லென்ஸ் ஒத்துக்கொள்ளாமல் போனாலோ கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த ஓர வரிதான் எனக்கு முக்கியம். வெறும் கண்ணின் உலர்ச்சியைத் தூக்கமின்மை, தூசி என்று சொல்லிவிடலாம். நேற்றுவரை பொருந்திய லென்ஸ் இன்று உறுத்துகிறது என்றால் அப்படித் தள்ளிவிட முடியாது. பெண்ணின் வாய்ச்சொல்லுக்கு ஒரு கண்ணாடித் துண்டு சாட்சியானது.

உடலுக்குள் நடப்பது என்ன? கண்ணீர் வெறும் உப்புநீர் அல்ல. நீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதக்கிறது. இமையோரத்தில் வரிசையாக இருக்கும் சுரப்பிகள் அதைத் தருகின்றன. அது குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகும். அந்தச் சுரப்பிகளை இயக்குவதில் ஆண்ட்ரோஜனுக்குப் பங்குண்டு. ‘ஆண் ஹார்மோன்’ என்று பெயர் வைத்துவிட்டதால் நமக்கு இல்லை என்று நினைத்துவிடுகிறோம். நம் சினைப்பையும் அதைச் சுரக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அந்தச் சுரப்பைக் குறைக்கிறது. மிச்சமிருப்பதைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தையும் கல்லீரலில் கூட்டுகிறது.

ஆனால் மாத்திரை எடுக்கும் இளம்பெண்களிடம் செய்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் உலர்ச்சி தெரிந்தது, சிலவற்றில் வேறுபாடே இல்லை. மாத்திரையும் லென்ஸும் சேர்ந்தபோது தொல்லை கூடியதுண்டு. தெளிவான பெரிய கணக்கு மாதவிடாய் நின்றவர்களிடமிருந்து வந்தது. 2001இல் வெளியான, 25,665 அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்த ஆய்வில், ஹார்மோன் எடுக்காதவர்களைவிட ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு உலர்கண் வாய்ப்பு 69 விழுக்காடும், புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 29 விழுக்காடும் அதிகமாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையைக் குப்பையில் போட வேண்டாம். எத்தனை பிள்ளை என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமையைப் பல பெண்களுக்குக் கொடுத்த மாத்திரை அது. அதைப் பறிக்கக் காத்திருப்பவர்கள் நம் கண்ணீரையும் காரணமாகக் காட்டுவார்கள். கண் உறுத்தினால், செல்போன் எத்தனை மணி நேரம் பார்க்கிறாய் என்று மருத்துவர் கேட்பதற்கு முன்பே மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். கண்ணீரை அளக்க ஒரு சிறிய வடிதாள் போதும். கீழிமையில் ஐந்து நிமிடம் செருகி வைப்பார்கள், 1903இலிருந்து இருக்கும் முறை. பார்வை திடீரென மங்கினால் மட்டும் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.