கொடைக்கானல் – மூணாறு: ஒரு மலைச்சாலையின் தோற்றமும் மறைவும்

பழநி மலையின் உச்சிப் பரப்பு வழியே கொடைக்கானலையும் மூணாற்றையும் நேராக இணைத்த சாலை, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமே கொண்டதாயினும், போர்க்கால அச்சத்தால் முக்கியத்துவம் பெற்று, இரு மாநிலங்களுக்கு இடையே பிளவுண்டு, இறுதியில் காட்டுக்குள் அடங்கிப்போன வரலாற்றை உடையது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரியைக் கடந்து, வந்தரவு முகட்டை ஒட்டி 2,400 மீட்டருக்கும் மேல் ஏறிய இச்சாலை, டாப் ஸ்டேஷனுக்கு இறங்கி, குண்டளை, மாட்டுப்பட்டி வழியாக மூணாற்றை அடைந்தது.

இதன் மேற்கு முனையை வளர்த்தது தேயிலை வணிகம். மூணாற்றிலிருந்து 1902இல் அமைக்கப்பட்ட ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908இல் அதற்கு மாற்றாக வந்த குறுகிய இருப்புப்பாதையும் தேயிலைப் பெட்டிகளை மலை விளிம்பிலிருந்த மேல்நிலையத்தில், அதாவது டாப் ஸ்டேஷனில், சேர்த்தன. அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் கோட்டக்குடிக்கு இறக்கப்பட்ட பெட்டிகள் மாட்டுவண்டிகளில் போடிநாயக்கனூருக்குச் சென்றன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. கிழக்கு முனையில், சமவெளியிலிருந்து கொடைக்கானலுக்கு மோட்டார் வண்டிகள் ஏறத்தக்க மலைப்பாதை 1916இல் திறக்கப்பட்டிருந்தது. இரு முனைகளையும் சேர்க்கும் சாலை 1920களில் உருப்பெற்றது.

1942 ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகியவற்றின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, சென்னையும் தாக்கப்படலாம் என்ற அச்சத்தில் அரசு அலுவலகங்கள் உள்நாட்டு நகரங்களுக்கு மாற்றப்பட்டன. கிழக்குக் கரை வீழ்ந்தால் மலைவழியே கொச்சிக்குச் சென்று கப்பலேறலாம் என்ற திட்டத்துடன் அப்போது இச்சாலை மேம்படுத்தப்பட்டது. ‘எஸ்கேப் ரோடு’ என்று அது இன்றும் அழைக்கப்படுவது இதனால்தான். ஜப்பானியர் தரையிறங்கவில்லை, தப்பிச்செல்லும் தேவையும் எழவில்லை.

1956இல் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது, தேவிகுளம் வட்டம் கேரளத்தில் அமைந்ததால், ஒரே சாலை இரண்டு அரசுகளின் பொறுப்பாகவே நீடித்தது. கனமழையும் மண்சரிவும் ஆண்டுதோறும் பழுதுபார்க்கும் செலவைக் கோரும் இத்தகைய மலைத்தடத்தில், ஓர் அரசு தன் பகுதியைச் செப்பனிட்டாலும் மறு அரசு செப்பனிடாவிடில் பயனில்லை. 1990இல் சாலை மூடப்பட்டது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனைத் தாண்டி வட்டவடைக்குச் செல்லும் பகுதி மட்டும் புழக்கத்தில் உள்ளது. பேரிஜம் வரையிலான பகுதியில் வனத்துறையின் அனுமதிச்சீட்டு பெற்றவர்களே செல்லலாம்.

இன்று கொடைக்கானலிலிருந்து மூணாறு செல்வோர் சமவெளிக்கு இறங்கி, தேனி, போடிமெட்டு வழியாகச் சுற்றவேண்டியிருப்பதால், பழைய சாலையைத் திறக்கும் கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. ஆனால், கேரளப் பகுதியில் பாம்பாடும் சோலை 2003இல் தேசியப் பூங்காவாகவும், தமிழகப் பகுதியில் கொடைக்கானல் காடுகள் 2013இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டபின், இது நெடுஞ்சாலைத் துறை மட்டும் முடிவு செய்யும் செப்பனிடும் பணியாக இல்லை. மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு வழங்கும் சோலைகளும் புல்வெளிகளும், பெரியகுளத்தின் குடிநீருக்கு ஆதாரமான பேரிஜமும் இத்தடத்திலேயே இருப்பதால், சில மணிநேரப் பயண மிச்சத்தைவிட நீர்ப்பிடிப்பைக் காப்பதே முதன்மையானது.